ஜெயிச்சாத்தான் மெஷின்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன். ரெண்டு மணி நேரமா ஸ்குரூவக் கழட்டிக் கழட்டி மாட்டுதீய, மெஷின் எங்கயும் ஓடிப் போயிராது. என்ன சொன்னீய, எலியா? நல்லாப் பாத்தீயளா? எலி கடிச்ச குழாய்தானா? சரி, மெட்ராஸ்ல படிச்சிட்டு வந்த இன்ஜினியர் சொன்னா எலிதான். நான் என்னத்தக் கண்டேன்.

ஆனா அதை ரிப்போர்ட்ல எழுதுறதுக்கு முன்னால நான் சொல்லுறதக் கொஞ்சம் கேட்டுக்கிடுங்க. என் பேரு சங்கரபாண்டியன். செண்பகம் கருணை அறக்கட்டளைக்குச் செயலாளர். இருபத்திரெண்டு வருசம் செண்பகம் பெருங்காய டப்பா வித்தவன். கருணைப் பிரிவுக்கு மாத்தி ஆறு வருசம் ஆச்சு. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் கிடையாது. உள்ள இருக்கது கொஞ்சமா இருந்தாலும் மேல படம் பெருசா இருக்கணும்.

எங்க சின்னவரத் தெரியுமா உங்களுக்கு? தெரியாதா? அடப் பாவமே. தாத்தா செல்லையா சைக்கிள்ல பெருங்காயம் வித்தாவ. மகன், எங்க பெரிய ஐயா, லாரியில வித்தாவ. பேரன் அகிலேஷ், அவுகதான் சின்னவர், எதையும் விக்க வேண்டிய அவசியமே இல்லாமப் பொறந்தாவ. இங்கிலாந்துக்குப் போயி விளையாட்ட நிர்வாகம் பண்ணுறதுக்குன்னு ஒரு படிப்புப் படிச்சாவ. பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயத்துக்குக்கூட பேரு குடுக்காத பிள்ளையாம், அந்த வீட்டு டிரைவர் சொல்லுவான். படிச்சிட்டு வந்து ஒரு வருசம் சும்மா இருந்தாவ. அப்புறம் பெரிய ஐயா ஒரு கபடி அணி வாங்கிக் குடுத்தாவ. மத்த வீட்டுல மகனுக்கு மோட்டார் பைக் வாங்கிக் குடுப்பான்லா, அதுமாதிரி.

அணிக்குப் பேரு செண்பகம் சூறாவளி. முதுகுல நம்பர், நெஞ்சுல பெருங்காய டப்பா. எங்க பயலுவ மூச்சப் பிடிச்சிக்கிட்டு ரெய்டு போனா, டப்பாதான் மொதல்ல எதிராளிகிட்டப் போயி நிக்கும்.

அணி இருந்தா கருணையும் இருக்கணுமாம். இங்கிலாந்துல அப்பிடித்தானாம். சுத்துச்சூழலுக்காக சின்னவர் நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சாவ. பின்னாலயே ரெண்டு காரு, ஒரு வேன்ல ஐஸ் பெட்டி. ஏழைகளோட பசிய உணரணும்னு ஒரு நாள் காலைச் சாப்பாட்ட விட்டாவ. பதினோரு மணிக்கே உணர்ந்துட்டாவ. ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கபடி மேட் குடுத்தாவ. அங்கன மேட் விரிக்க இடமே கிடையாது. ஹெட்மாஸ்டர் அதை எடுத்து ஒழுகுத கூரைக்கு மேல போட்டுட்டாரு. இப்ப ஒழுகல. நான் அதையும் 'பள்ளிக் கட்டடச் சீரமைப்பு'ன்னு சாதனைப் பட்டியல்ல சேத்துட்டேன். சும்மா விடலாமா?

சிரிக்காதீங்க தம்பி. சின்னவர் நல்ல மனுசன்தான். கேட்டா குடுத்துருவாவ. ஆனா எது எப்பிடி நடக்குன்னு ஒரு துளி தெரியாது. அதுக்குத்தான் எங்களமாதிரி ஆளு வேணும்.

இப்ப எலி விசயத்துக்கு வாரேன். இந்த மெஷின் யாருக்காக வந்துச்சுன்னு நெனைக்கீய? வராண்டாவுல பெஞ்சுல ஒரு ஆளு உக்காந்திருக்காருலா, நீலச் சட்டை, காலு வீங்கி? அவருக்காக. பேரு பேச்சிமுத்து. எங்க மைதானத்துல மேட் விரிக்கவரு. நூத்தம்பது துண்டு மேட், ஒண்ணோட ஒண்ணு பல்லு மாட்டிக் கோக்கணும். ஒரு பல்லு தூக்கிக்கிட்டு நின்னாப் போதும், ரெய்டு போறவன் காலு போயிரும். பேச்சிமுத்து விரிச்ச மேட்ல இதுவரைக்கும் ஒருத்தன் தடுக்கி விழுந்தது கிடையாது. ஆட்டம் முடிஞ்சதும் முட்டிக்கால் போட்டு வேர்வைய எல்லாம் தொடைச்சு எடுப்பாரு. அப்பிடி ஒரு ஆளு.

ரெண்டு வருசத்துக்கு முன்னால அவருக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. இந்த ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் மெஷின் ரெண்டே ரெண்டு. மூணு ஷிப்டும் ஆளு நெறைஞ்சு கெடக்கு. அதனால திங்கள், புதன், சனி திருநெல்வேலிக்குப் போகணும். விடியக்காலம் பஸ் ஏறி, ரெண்டு மணி நேரம் போயி, நாலு மணி நேரம் படுத்து, மறுபடி ரெண்டு மணி நேரம் பஸ்ல வரணும். வந்து சாயங்காலம் மேட் விரிப்பாரு. ஒரு நாள் சின்னவர் மைதானத்துல நடந்து வரும்போது அவரு கையில ஊசி குத்துன தடிப்பப் பாத்துட்டு என்னதுன்னு கேட்டாவ. பேச்சிமுத்து சொன்னாரு. சின்னவருக்குக் கண்ணு கலங்கிட்டு. நான் பாத்தேன், கூலிங் கிளாஸக் கழட்டித் தொடைச்சாவ. "இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே ஒரு மெஷின் வாங்கிக் குடுங்க"ன்னு அங்கன நின்னுக்கிட்டே சொன்னாவ. அந்த விசயத்துல அவுகளக் குறை சொல்ல முடியாது. மூணு வாரத்துல மெஷின் வந்துட்டு. ஆனி மாசம்.

இப்ப என்ன மாசம்? மாசி. என்ன தம்பி வெரல மடக்குதீய? எட்டு மாசம்தான். அதுக்குக் காரணம் இருக்கு.

எங்க அறக்கட்டளைக்கு ஒரு முறை உண்டு. மொத வருசம் தையல் மெஷின் குடுத்தோம். அன்னிக்கு அணி ஜெயிச்சுது. ரெண்டாம் வருசம் மாற்றுத்திறனாளிகளுக்கு மூணு சக்கர சைக்கிள் குடுத்தோம். அன்னிக்குத் தோத்துது. பெரிய ஐயா காருல ஏறும்போது என்னப் பாத்து ஒரு வார்த்தை சொன்னாவ. "என்னவே, தோத்துட்டும் சிரிச்சிக்கிட்டே சைக்கிள் குடுக்கீரு?" அவ்வளவுதான். வேற ஒருத்தனா இருந்தா அதக் காத்துல விட்டிருப்பான். நான் விடல. மறுநாளே லெட்டர்பேடுல அடிச்சு ஆபீஸ்ல ஒட்டிட்டேன். 'நலத்திட்ட உதவிகள் அனைத்தும் நமது அணி வெற்றி பெறும் நாளில் மட்டுமே, சொந்த மைதானத்தில், ரசிகர்கள் முன்னிலையில் வழங்கப்படும்.' கீழ என் கையெழுத்து. சின்னவருக்கு ஒரு காப்பி அனுப்பினேன். பதில் வரல. பெரிய எடத்துல பதில் வரலன்னா சம்மதம்னு அர்த்தம். அன்னையில இருந்து அது சின்னவரோட முறை.

மெஷின் நேரா மைதானத்துக்குத்தான் வந்துச்சு. மேட் வைக்கிற ரூம்ல எறக்கி, மேல வெல்வெட் துணி போத்தி வச்சோம். சாவி என்கிட்ட. மொத ஆட்டத்துலயே ஜெயிப்போம், மறுநாள் ஆஸ்பத்திரியில இருக்கும்னு கணக்கு. தோத்தாச்சு. ரெண்டாவது ஆட்டம், தோத்தாச்சு. மூணாவதுல கடைசி நிமிசம் வரைக்கும் முன்னால நின்னு தோத்தாச்சு. நாலாவது ஆட்டம் டை. இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. அன்னிக்குப் பேச்சிமுத்து மேட்டத் தொடச்சிட்டு என்கிட்ட வந்தாரு. "அண்ணாச்சி, டை ஆனா குடுக்கக்கூடாதா?"ன்னு கேட்டாரு. அடக்கமாத்தான் கேட்டாரு. நான் பேப்பர எடுத்துக் காட்டினேன். வெற்றின்னுதான இருக்கு? தோல்வி இல்லைன்னு எழுதலியே. "சரி அண்ணாச்சி, அடுத்த ஆட்டம் பாப்போம்"ன்னு போயிட்டாரு. படிக்கலேன்னாலும் சொன்னாப் புரிஞ்சுக்கிடுவாரு.

நடுவுல ஒரு நாள் சின்னவர் போன் பண்ணினாவ. வெளிநாட்டுல இருந்து. "அந்த மெஷின் போயாச்சா?"ன்னு கேட்டாவ. "போயிக்கிட்டே இருக்கு சார்"ன்னேன். பொய்யா சொன்னேன்? பாதி வழி வந்தாச்சுலா? தோத்த ஆட்டத்த எல்லாம் அவுகளுக்கு ஞாபகப்படுத்தி மனசு நோகடிக்கணுமா? அவுகளாக் கேட்டிருக்கணும். எந்த ரூம்ல இருக்கு, யாருகிட்ட சாவி இருக்குன்னு. பெரிய மனுசங்க யாரு அப்பிடிக் கேக்கா?

அணியப் பத்திச் சொல்லுதேன். கேப்டன் அருள்ராஜ் நல்ல ரெய்டர். ஒரு நாள் என் ரூமுக்கு வந்து அழுதான் தம்பி, ஆறடி ஆளு. "அண்ணாச்சி, ஓரத்துல பேச்சி அண்ணன் நிக்காரு. அவரு மூஞ்சியப் பாத்தா ரெய்டு போகக் காலு வரமாட்டேங்கு. தயவுசெஞ்சு அந்த மெஷினக் குடுத்துருங்க, அப்புறம் நாங்க ஜெயிக்கோம்"னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏல, அத நெனைச்சு வெறியோட ஆடு"ன்னேன். நல்ல யோசனைதான? ஆனா அவன் அடுத்த ஆட்டத்துல இன்னும் மோசமா ஆடினான். மத்த அணிக்காரன் எல்லாம் கோப்பைக்கு ஆடுதான். எங்க பயலுவ ஒரு ஆளோட கிட்னிக்கு ஆடினானுவ.

ஆறாவது ஆட்டம் ஜெயிச்சோம். ஆமா, ஜெயிச்சோம். எதிர் அணி வந்த பஸ் வழியில நின்னுட்டு, அவனுவ வரல. நடுவர் எங்களுக்கு வெற்றின்னு அறிவிச்சிட்டாரு. பேச்சிமுத்து மேட்டக் கழட்டாமலே ஓடி வந்தாரு. அவரு சம்சாரம் மாரிக்கனி வேற அன்னிக்கு வந்திருந்துச்சு, கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு. ஆனா பாருங்க, டிக்கெட் வாங்கின ஜனம் எல்லாம் திட்டிக்கிட்டே கெளம்பிட்டு. சின்னவரும் பாதி வழியில திரும்பிட்டாவ. 'ரசிகர்கள் முன்னிலையில்'னு எழுதியிருக்கு. காலி நாற்காலி முன்னிலையிலயா குடுக்க முடியும்? நான்தான் எழுதினேன், நானே மீறலாமா? எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, மறைக்கல. அந்த அம்மா மூஞ்சியப் பாக்கமுடியாம நான் பின்வாசல் வழியாப் போனேன். மனசாட்சி உள்ளவன் அப்பிடித்தான் போவான்.

அப்புறம் ஒரு நாள் மேட் ரூமத் தெறந்தா, பேச்சிமுத்து உள்ள நின்னு மெஷினத் தூசி தட்டிக்கிட்டு இருக்காரு. துணிய மெல்ல விலக்கி, ஒவ்வொரு பட்டனாத் தொடைக்காரு. "இது எதுக்கு அண்ணாச்சி, இது எதுக்கு"ன்னு கேக்காரு. எனக்கு என்ன தெரியும்? "எல்லாம் ரத்தத்துக்குத்தான்"ன்னேன். அந்த ரூம்ல எலி இருந்துச்சா? இருக்கும். மேட்ட எல்லாம் கடிச்சுதான் வச்சிருந்துச்சு. அவருகூட சொன்னாரு, "எலி இருக்கு அண்ணாச்சி, மெஷினை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம், அங்கனயே மூடி வச்சுக்கிடட்டும்"னு. நான் எலிப் பாஷாணம் வாங்கி வச்சேன். என் கடமையச் செஞ்சேன்.

கடைசி ஆட்டத்துல ஒரே ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சோம் தம்பி! அருள்ராஜ் கோட்டத் தொட்டுக்கிட்டு விழுந்தான், எந்திரிக்கவே இல்ல, மேட்லயே படுத்து அழுதான். டிவிக்காரன் கோப்பைக்காகத்தான் அழுதான்னு சொன்னான். நாங்க எட்டாவது இடம், எங்களுக்கு எந்தக் கோப்பை? நாலு பயலுவ மெஷினத் தூக்கிக்கிட்டு வந்து நடுவுல வச்சானுவ. சின்னவர் மாலை போட்டாவ, மெஷினுக்கு. ஜனம் கைதட்டிச்சு. பேச்சிமுத்து முன்னால நின்னாரு, போட்டோவுல மறைச்சாரு, நான்தான் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னேன்.

மறுநாள் மெஷின் இங்க வந்துட்டு. அது வந்தும் ஒரு மாசம் ஆச்சே, ஏன் இப்பத்தான் எங்கள வரச் சொன்னீயன்னு கேப்பீய. தொடக்க விழாவுக்கு நாள் பாக்கணும்லா? வார ஞாயித்துக்கிழமை வச்சிருக்கேன். சின்னவர் வந்து பட்டன அமுக்குவாவ. மொத ஆளாப் பேச்சிமுத்து படுப்பாரு. அவருதான பொருத்தம்? அதுக்குத்தான் இன்னிக்கு அவர வரச் சொன்னேன், ஒத்திகைக்கு. எந்தப் பக்கம் தலை வைக்கணும், எந்தக் கைய நீட்டணும், சின்னவர் வந்ததும் எந்திரிக்க முயற்சி பண்ணணும், சின்னவர் தோளத் தொட்டு 'படுங்க'ன்னு சொல்லுவாவ. இதெல்லாம் முன்னாலயே சொல்லி வைக்கலேன்னா அன்னிக்குக் குழப்பிருவாரு.

என்னது, இன்னிக்குப் புதன்கிழமையா? ஆமா, புதன்தான். அவரு திருநெல்வேலிக்குப் போகணும்தான். ஒரு நாள் தள்ளிப் போனா என்ன, நாளைக்குப் போவாரு. நானும் இங்க மெஷின் வந்தாச்சுன்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். அவரு இன்னிக்கே இங்க டயாலிசிஸ் போடுவாவன்னு நெனச்சு வந்துட்டாரு. நான் இன்னிக்குப் போடுவோம்னு சொல்லல, வாங்கன்னுதான் சொன்னேன். வந்ததும் விவரத்தச் சொல்லிட்டேன். போயி பெஞ்சுல உக்காந்துட்டாரு. பொறுமைசாலி.

இப்ப நீங்க எனக்கு ரெண்டு உதவி பண்ணணும். ஒண்ணு, அந்த எலி. மைதானத்து எலின்னு எழுதாதீங்க. ஆஸ்பத்திரி எலின்னு எழுதிருங்க. எந்த எலி எந்த ஊருன்னு அதுக்கென்ன ரேசன் கார்டா இருக்கு? ரெண்டாவது... என்ன, குழாய மாத்திட்டீயளா? சுத்தம் பண்ணியாச்சா? இப்பவே ஓடுமா? ரொம்ப சந்தோசம். ஆனா ஓட விடாதீங்க. ஞாயித்துக்கிழமை சின்னவர் அமுக்கும்போதுதான் மொத தடவையா ஓடணும். அதுவரைக்கும் பிளக்கப் புடுங்கி வச்சிருங்க.

ஏன் இப்பிடிப் பாக்கீய? யாரு சொன்னதுன்னு கேக்கீயளா? சின்னவரோட முறைன்னு சொன்னேன்லா. நம்பலையா? அவுகளையே கேட்டுருவோம். எனக்கென்ன பயம்? இப்பவே போடுதேன்.

ஹலோ, சார், வணக்கம் சார். சங்கரபாண்டியன். ஆஸ்பத்திரியில இருந்துதான் பேசுதேன் சார். ஞாயித்துக்கிழமை விழா விசயமா... எந்த விழாவா? மெஷின் தொடக்க விழா சார். டயாலிசிஸ்... இல்ல சார், இன்னும் ஓடல சார். இல்ல சார், வேற மெஷின் இல்ல, அதே மெஷின்தான்... போன வருசம் வாங்கினதுதான் சார். அன்னிக்கு மேட்ல மாலை போட்டீங்களே, அது ரெண்டாவது மெஷின் இல்ல சார்... எங்க இருந்துச்சா? மேட் ரூம்ல சார். ஜெயிக்கணும்லா சார்... நம்ம முறை சார். பெரிய ஐயா சொன்னது... காருல ஏறும்போது... தமாசுக்குச் சொன்னாவளா சார்? லெட்டர் அனுப்பினேனே சார். நீங்க பதில்... படிக்கலையா சார்... பேச்சிமுத்தா? வெளியதான் இருக்காரு சார். சரி சார். இப்பவே சார். அனுப்புதேன் சார். சார்... சார்...

வச்சிட்டாவ.

பாத்தீயளா தம்பி? நான் சொன்னேன்லா, எது எப்பிடி நடக்குன்னு ஒரு துளி தெரியாதுன்னு? எட்டு மாசமா மெஷின் இங்க ஓடிக்கிட்டு இருக்குன்னு நெனச்சிருக்காவ. மேட்ல மாலை போட்டது இன்னொரு மெஷினுக்குன்னு நெனச்சிருக்காவ! எத்தனை வாங்கினோம்னே தெரியாத மனுசன். இப்ப என்னையே திட்டுதாவ. ஏன் சொல்லலையாம். கேட்டாத்தான சொல்ல முடியும்? விழாவும் வேண்டாமாம், ஒண்ணும் வேண்டாமாம். பேச்சிமுத்து இப்பவே படுக்கணுமாம். மெஷின் ஓடுறதப் போட்டோ எடுத்து பத்து நிமிசத்துல அனுப்பணுமாம். என் வார்த்தைய இனிமே நம்ப மாட்டாவளாம். இருபத்தெட்டு வருசம் உழைச்சதுக்கு இதுதான்.

சரி, நடக்கட்டும். சிஸ்டர்! கிளாடிஸ் சிஸ்டர்! பேச்சிமுத்தக் கூப்பிடுங்க. மெஷின் ரெடி, இப்பவே போடலாம்.

என்ன சிஸ்டர்? போயிட்டாரா? எப்ப? யாரக் கேட்டுக்கிட்டுப் போனாரு?

ஞாயித்துக்கிழமைதான்னு நான் சொன்ன கொஞ்ச நேரத்துலயேவா? பத்தரை பஸ்ஸுக்கா? நீங்க திருநெல்வேலிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டீயளா, சாயங்கால ஷிப்டுல சேத்துக்கிடுவாவளா? சரி, அப்ப என்ன, நல்லதாப் போச்சு. போன் பண்ணித் திரும்பி வரச் சொல்லுங்க. எடுக்கலையா? எதுக்கு எடுக்கமாட்டாராம்? காலு வீங்கி செருப்பு போட முடியலையா? கையில தூக்கிக்கிட்டுப் போனாரா? பஸ்ல உக்கார எடம் கிடைச்சுதா இல்லையான்னு என்கிட்டக் கேட்டா எனக்கு எப்பிடித் தெரியும் சிஸ்டர்?

பாத்துக்கிடுங்க தம்பி. இந்த ஒரு ஆளுக்காக எட்டு மாசமா எவ்வளவு பாடு பட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரு. இதுதான் நன்றி. நல்லது செய்யவனுக்கு எங்க தம்பி மரியாதை இருக்கு?

மணி என்ன ஆச்சு? நாலு நிமிசம் போயிட்டு. வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து வேற ஆளக் கூப்பிட்டிருக்காவளா சிஸ்டர்? வர அரை மணி நேரம் ஆகுமா? அவுக வரும்போது வரட்டும், ஆனா அதுவரைக்கும் போட்டோவுக்கு நான் என்ன பண்ணுவேன்? இன்ஜினியர் சார், ஒரு உதவி. நீங்க அந்தக் கட்டில்ல கொஞ்சம் படுங்களேன். மெஷின ஓட விட்டுட்டு, மூஞ்சிய மட்டும் செவத்துப் பக்கம் திருப்பிக்கிடுங்க. சட்டைக் கைய மடக்குங்க சார், ஒரே ஒரு நிமிசம்தான்.